நனையாத இடம்

இசக்கியப்பன் அண்ணாச்சி போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சேரன்மகாதேவியில் ஒரு வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். பாசி கழுவப் போன இடம். மாரடைப்பு என்றார் டாக்டர். எனக்குப் போன் செய்தவர் அந்த வீட்டு டீச்சரம்மா. அண்ணாச்சி போனது சமையல்கட்டில் இருந்த அவருக்கு வெகுநேரம் தெரியவில்லை. மிஷின் சத்தம் வந்துகொண்டே இருந்ததுதான் காரணம்.

தொழில் தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அழுத்தத்தோடு தண்ணீர் பீய்ச்சுகிற பிரஷர் வாஷரை நம் பக்கம் வாட்டர் சர்வீஸ் மிஷின் என்போம். துப்பாக்கி மாதிரி கையில் பிடிக்கிற கன்னின் விசையை விட்டுவிட்டால் மோட்டார் தானாக நின்றுவிடும். எங்கேயாவது உள்ளேயிருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து துளி கசிந்தால் உள்ளே அழுத்தம் இறங்கும். இறங்கியதும், யாரும் தொடாமலே மோட்டார் ஒரு நொடி 'விர்' என்று ஓடி நிற்கும். சற்றுப் பொறுத்து மறுபடியும் ஓடும். எங்கள் மிஷினில் அந்தக் கசிவு இருந்தது. டீச்சரம்மா காபியைக் கீழ்ப்படியில் வைத்துவிட்டு, 'அண்ணாச்சி, ஆறிடும்' என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்திருக்கிறார். மிஷின் 'விர்' என்றிருக்கிறது. சரி, காதில் விழுந்துவிட்டது என்று திரும்பிவிட்டார். மறுபடி வந்தபோது காபியில் ஆடை படிந்திருந்தது. படியேறிப் பார்த்திருக்கிறார்.

"கன்னு மடியில கெடக்கு. மிஷின் மட்டும் அப்பப்ப ஓடுது. அவருதான் பதில் சொல்லுதாருன்னு நெனச்சேன்" என்றார் போனில்.

துக்க வீட்டில் பலரும் பலதும் சொன்னார்கள். எனக்கு டீச்சரம்மாவின் அந்த ஒரு பேச்சுதான் காதிலேயே நின்றது; என் மனைவியிடமும் சொன்னேன்.

நம் கடைவீதிக்காரர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விடிந்ததும் ஆற்றில் ஒரு முழுக்கு, அப்புறம் தலையில் செக்கு எண்ணெய். கழுத்தில் வழிந்து சட்டைக் காலர் எப்போதும் கறுத்திருக்கும். துபாயில் உயர உயரமான கட்டடங்களில் தொங்கிக்கொண்டு கண்ணாடி கழுவியவர். அந்த ஊர் வெயிலே தன் முடியை உதிர்க்க முடியவில்லை, எல்லாம் எண்ணெயின் புண்ணியம் என்பார். ஊருக்குத் திரும்பிய புதிதில் என் மோட்டார் கடைக்கு வந்தார். நான் விற்க வைத்திருந்த சின்ன பிரஷர் வாஷரைக் காலால் தள்ளிப் பார்த்து, "இது என்னவே, பல்லு வெளக்கவா?" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. சரக்கைப் பழிக்கிறவனுக்குத்தான் சரக்கு தெரியும். அவரிடமே கேட்டு, அவர் சொன்ன பெரிய மிஷினை வாங்கிப் போட்டேன். மிஷின் என்னுடையது, வேலை அவருடையது, வருவதில் ஆளுக்குப் பாதி. அன்று பேசியதை அவர் இறக்கும்வரை இரண்டு பேரும் மாற்றவில்லை.

மொட்டைமாடித் தட்டோடு, காம்பவுண்டுச் சுவர், கிணற்றடி, கார் நிறுத்துகிற தளம் என்று எதைக் கொடுத்தாலும் கழுவுவார். ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்த வருடம், கரையோர வீடுகளில் சகதியை வழிக்க எங்களுக்கு ஓய்வே இல்லை. அந்தச் சமயத்தில்தான் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டுக்குப் போனோம். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். வெளியூரில் இருக்கும் வீட்டுக்காரர் வாடகைக்கு விடுவதற்காகச் சுத்தம் செய்யச் சொன்னார். எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள், புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்றார்.

அண்ணாச்சி கொல்லைச் சுவரில் மேலிருந்து தண்ணீரை இறக்கிக்கொண்டு வந்தார். சகதி வழிந்தது, பாசி உரிந்தது, சுவர் முழுக்கக் கறுப்பாக நனைந்து நின்றது. நடுவில் ஓர் இடம் மட்டும் நனையவில்லை. ஒரு தலை, அதற்குக் கீழே இரண்டு தோள். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிற ஓர் ஆளின் அளவுக்கு அந்த இடம் வெளுப்பாக, காய்ந்து தெரிந்தது. தண்ணீர் அதன்மேல் பட்டுப் பட்டு முத்துமுத்தாக உருண்டு விழுந்தது.

வேலையைப் பார்க்க வந்திருந்த வீட்டுக்காரர் ஓரெட்டு பின்னால் போனார். அவருடைய அப்பா கடைசி வருடங்களில் வெற்றுடம்போடு அங்கே சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பாராம். விஷயம் இவ்வளவுதான். தலை எண்ணெயும் உடம்புப் பிசுக்கும் காரைக்குள் இறங்கிவிட்டால், பிறகு அந்த இடத்தில் தண்ணீர் ஒட்டாது. நான் இதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சொல்லும்போது நானும் அந்தச் சுவரைப் பார்க்கவில்லை.

அதை எடுத்துவிடுங்கள் என்றார் அவர். சோப்புப் போட்டும் போகவில்லை. அண்ணாச்சி கன்னின் முனையில் இருக்கும் நாசிலை ஊசியாக அடிப்பதாக மாற்றி, கன்னைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பழைய காரை அந்த அழுத்தம் தாங்குமா? பொலபொலவென்று கொட்டியது. எண்ணெய் ஊறியிருந்த அளவுக்கு மட்டும் கொட்டியது. சத்தம் நின்றபோது, கறையாக இருந்த ஆள் சுவரில் பள்ளமாக உட்கார்ந்திருந்தார். பிறகு கொத்தனாரை விட்டுச் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சிமெண்டு ஒரு விதமாகக் காயும், சுண்ணாம்பு ஒரு விதமாகக் காயும். மழை பெய்தால் இப்போதும் தெரிகிறதாம். அந்த வீட்டில் வாடகைக்கு ஆள் நிற்பதில்லை என்று கேள்வி.

திரும்பி வருகிற வழியில் அண்ணாச்சி முக்கூடல் தாண்டியதும், "நாம அழுக்கை எடுக்கப் போனோம் வே. ஆளை எடுத்துட்டோம்" என்றார். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், மிஷினைப் போடுவதற்கு முன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு ஒன்று கேட்பார்: "எதைக் கழுவக் கூடாது?" சிரிப்பவர்கள் உண்டு. பைத்தியம் என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. ஆனால் யோசித்துவிட்டு எதையாவது காட்டாதவர்கள் குறைவு. ஒரு வீட்டில் நிலைப்படியின் மஞ்சளை, இன்னொரு வீட்டில் சிமெண்ட் ஈரத்தில் பதிந்த ஒரு நாயின் காலடியை. காட்டிய இடத்தில் ஒரு துளி படாது.

பாளையங்கோட்டையில் என் வீட்டுக் கொல்லையில்தான் மிஷின் ஷெட். வேலை முடிந்து சாயங்காலம் வருவார். பின்சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்து காபி குடிப்பார். எப்போதும் ஒரே இடம். என் மனைவி அந்தச் சுவரைக் காட்டிக் காட்டி அவரைத் திட்டுவாள். ஒரு தடவை எங்கள் வீட்டையே கழுவ வந்தவர், அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார். "நீங்க சாயுத எடத்தை மட்டும் கழுவுங்க, மிச்சத்தை விட்டுருங்க" என்றாள். "அது நான் போனப்புறம் மதினி" என்று சிரித்தார். அன்றும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் கழுவினார்.

இப்போது என் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டிலேதான், கொல்லையில் பந்தல் போட்டு. பெயிண்டர் வந்து பார்த்து, அந்தப் பிசுக்கின்மேல் பெயிண்ட் நிற்காது, கழுவ வேண்டும், போகாவிட்டால் கொத்திப் பூச வேண்டும் என்றார். கழுவ ஆள் இல்லை. நானே மிஷினை வெளியே எடுத்தேன். வியாபாரி நான், விற்றது ஏராளம், கன்னைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

தூர நின்று சுவரை நனைத்தேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்ன வந்தது என்று. எனக்கும் தெரிந்துதான் இருந்தது. இருந்தும் ஓரெட்டு பின்னால் போனேன். தலையை இலேசாக இடப்பக்கம் சாய்த்து, அவர் பேச்சு கேட்கும்போது இருப்பாரே, அப்படி.

என் மனைவி கொல்லை வாசலில் நின்று பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும் இடம் அது. பந்தலுக்குள் மழைச்சாரல் பட்டு இது எழுந்து நின்றால் என்ன சொல்வார்கள்? பெண்ணின் வாழ்க்கை இதில் இருக்கிறது, என்ன ஆனாலும் எடுத்துவிடுங்கள் என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. கல்லிடைக்குறிச்சிச் சுவர் எனக்கு நினைவில் வந்தது. ஆனால் மகள் முகமும் வந்தது. நாசிலை மாற்றினேன். பக்கத்தில் போனேன். விசையில் விரலை வைத்தேன், அழுத்தவில்லை.

எனக்குப் பின்னால் மிஷின் 'விர்' என்று ஓடி நின்றது.

கசிவுதான். அந்த வாஷர் என் கடையில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. நான் அசையவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஓடி நின்றது. மூன்றாவது முறை ஓடியபோது என் மனைவி படியிறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேக்காருல்லா. பதில் சொல்லுங்க" என்றாள்.

நான் விசையிலிருந்து விரலை எடுத்தேன். அவள்தான் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அதை விட்டுருங்க அண்ணாச்சி."

பிளக்கைப் பிடுங்கினேன். சுவர் காயக் காய மற்ற இடமெல்லாம் அதன் நிறத்துக்கு வந்தது. பொழுது சாய்ந்தபோது எது அவர், எது சுவர் என்று தெரியவில்லை.

அவருடைய துண்டு, வாட்ச், துபாய்ச் சூட்கேஸ் எல்லாம் அவர் வீட்டில் இருக்கின்றன. அதில் எனக்கு எந்தப் பாத்தியமும் இல்லை. எனக்கென்று இருப்பது கொல்லைச் சுவரில் அந்த ஓரிடமும், மிஷினைப் போடும் முன் கேட்கிற அந்த ஒரு கேள்வியும்தான். மிஷினை இனி அவர் மருமகன் ஓட்டுவார். ஆளுக்குப் பாதி, பழைய பேச்சுப்படி. கேள்வி கேட்காமல் கன்னைத் தொட்டால் அன்றோடு பேச்சு முறிந்தது. பெயிண்டரிடமும் பேசி முடித்தாயிற்று. நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பக்கம் பந்தல் துணி தொங்கும், மறுநாள் காலையில் அவிழ்த்துவிட வேண்டும். அந்த இடத்தில் பிரஷ் படக் கூடாது. கூலி முழுச் சுவருக்கும்; விட்ட இடத்துக்கென்று எதுவும் கழிக்கப்போவதில்லை.