இல்லாதவள் எழுதிய பாராட்டு

இல்லாத ஒருத்தியை எத்தனை பேர் நம்பினால் அவள் இருக்கத் தொடங்குவாள்? வெளிநாட்டுப் பயிற்சி வேலைக்குக் கட்டணம் வாங்கி ஆள் அனுப்பும் கம்பெனிக்காக, போய்வந்தவர்கள் எழுதியதுபோல் கற்பனைப் பெயர்களில் இணையத்தில் பாராட்டு எழுதுவதுதான் எங்கள் எதிர்வீட்டுக்காரியின் பிழைப்பு. நிஜம்போலத் தெரிய ஒவ்வொன்றிலும் சிறு குறையைச் சேர்ப்பாள்.

ஒருநாள் அவளுடைய அக்கா மகள் கைபேசியோடு வந்தாள். “சித்தி, நான் இதுல சேரப்போறேன். இந்தப் பாராட்டை எழுதின பொண்ணு முதல் வாரம் முழுக்க அழுதாளாம், அப்புறம் பழகிடுச்சாம்.”

“போகாதேடி. அப்படி ஒருத்தியே கிடையாது. அதை எழுதினதே நான்தான்.”

“கதை விடாதே சித்தி! நேத்து அவகூட போன்ல பேசினேனே. பாவம், இன்னும் அழுறா. துணைக்கு வரச் சொல்றா.”

சித்தி அவளைப் போகவிடவில்லை. அடுத்த மாதம் அதே பயிற்சிக்குத் தானே பணம் கட்டிக் கிளம்பினாள். “நான் எழுதி அழவிட்டவ, நான்தானே துணைக்குப் போகணும்” என்றாள்.