தலைக்கு வைக்காத மல்லிகை

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மல்லிகைப் பூ வாங்குகிறவள் காரணம் சொல்லாமல் தப்ப முடியாது. ரோஜா வாங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். மல்லிகை விமானத்தில் வருகிறது, விலையும் அதற்கேற்றபடி. ஒரு முழத்துக்கு மேல் கேட்டால் கடைக்காரர்கள் உடனே ஆரம்பித்துவிடுவார்கள்: கல்யாணமா, பெண் பெரியவளான சாமத்திய வீடா, கோயில் திருவிழாவா? 2009-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நான் நாலு முழம் கேட்டேன். அந்த மூன்று காரணமும் எனக்கு இல்லை. குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குழந்தை என்னிடம் இல்லை. பால் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

பால் நிற்பதற்கு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். போட்டால் தலை சுற்றியது, வாந்தி வந்தது, தூக்கி எறிந்துவிட்டேன். பொறுமை எனக்கு எப்போதுமே கொஞ்சம் மட்டு. மார்பு கல்லாகிக் கையைத் தூக்க முடியாமல், சட்டை நனைந்து அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. திருச்சியில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தை இறந்தபோது, என் அம்மா மல்லிகைச் சரத்தை அவள் மார்பில் வைத்துத் துணியால் கட்டினார். பூ வாடினால் எடுத்துவிட்டு வேறு கட்டவேண்டும், பால் வற்றிவிடும் என்றார். நான் வேதியியலில் ஆராய்ச்சி செய்யப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்தவள். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்கிற நிலையில் அன்று இல்லை.

குழந்தையின் தகப்பனும் எங்கள் பல்கலைக்கழகம்தான். படிப்பு முடிந்து ஊருக்குப் போனவர், வீட்டில் பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டார். கெட்டவர் இல்லை. அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத உத்தமர். எனக்கு விஷயம் தெரிந்தபோது கலைக்கிற காலம் தாண்டியிருந்தது. குளிர்காலக் கோட்டு மிச்சத்தை மறைத்துக்கொண்டது.

உன் அம்மாவிடம் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருந்தால் ஒன்று என்னைத் தலைமுழுகியிருப்பார். இல்லாவிட்டால் குழந்தையைக் காதும் காதும் வைத்ததுபோல் எங்கேயோ கொடுத்துவிட்டு, என்னை அவசர அவசரமாக யார் தலையிலாவது கட்டியிருப்பார். இரண்டாவதுதான் நடந்திருக்கும். எப்படியும் கொடுக்கத்தான் போகிறோம் என்றால் நானே நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன்.

இந்த நாட்டில் அதற்கு வழி இருக்கிறது. பெற்றவள் குழந்தையைத் தத்துக்கு விடலாம், ஏன் என்று யாரும் குடையமாட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் மனம் மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அதற்குப் பிறகு முடியாது. மருத்துவமனைக்கு வந்த சமூக சேவகி இதை மெதுவாக, எனக்குப் புரிகிற பிரெஞ்சில் சொன்னார். பெயர் வைக்க விருப்பமா என்று கேட்டார். வைத்தேன். அதை இங்கே எழுதப் போவதில்லை, அது அவளுடையது. வளர்ந்து அவள் கேட்டால் என் பெயரைச் சொல்லலாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

பூ வாங்கிய கடையில் நிற்பவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். நாற்பது வயது இருக்கும். கறிவேப்பிலைக்கும் புழுங்கலரிசிக்கும் போய்ப் போய் எங்களுக்குள் வாய்ச் சண்டை போடுகிற அளவுக்குப் பழக்கம். என் தமிழைக் கேட்டுச் சிரிப்பார், நான் அவர் விலையைக் கேட்டுச் சிரிப்பேன்.

“என்ன பிள்ளை, ஆருக்குக் கலியாணம்?”

“யாருக்கும் இல்லக்கா. சும்மாதான்.”

“நாலு முழம் சும்மாவோ? லொத்தர் விழுந்திட்டுதோ உனக்கு?”

சிரித்துக்கொண்டே சரத்தை அளந்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கோட்டுப் பொத்தான் திறந்திருந்தது. சட்டையில் இரண்டு ஈர வட்டங்கள். அவர் கை நின்றது. கல்லாவைச் சுற்றி வந்து என்னை அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“எப்ப பிறந்தது?”

“சனிக்கிழம.”

அவர் கண் நிறைந்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “தவறிட்டுதோ?” என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மல்லிகையை மார்பில் கட்டுவதற்கு அவர் ஊரிலும் என் ஊரிலும் ஒரே காரணம்தான். பால் இருந்து பிள்ளை இல்லையென்றால் பிள்ளை போய்விட்டது என்று அர்த்தம். வேறு விதம் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும், கட்டிப்பிடித்து அழுதிருப்பார், பூவைச் சும்மாவே கொடுத்திருப்பார். பாதி ஆட்டியும்விட்டேன். அப்போதுதான் உறைத்தது: நாலு முழம் பூவுக்காக நன்றாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிற குழந்தையைச் சாகடிக்கிறேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“இல்லக்கா. உயிரோட இருக்கா. நல்லா இருக்கா. நான்தான் தத்துக் குடுக்கறேன்.”

இன்னொரு மனிதரிடம் தமிழில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிரெஞ்சில் சொன்னபோது வேறு யாருடைய கதையோ போல இருந்தது. தமிழில் சொன்னதும் பக்கத்து அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா கையை விட்டார். போய்ப் பூவை மறுபடியும் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

“அப்ப தரமாட்டன்.”

“ஏன்?”

“இது செத்த பிள்ளைக்குக் கட்டிற பூ. உயிரோடை இருக்கிற பிள்ளைக்குக் கட்டினா அதுக்குக் கூடாது. போய்ப் பிள்ளையைக் கொண்டு வா. நீ படி, நான் பாக்கிறன். மூண்டு பேரை வளத்தனாங்கள், இன்னொண்டுக்குச் சோறில்லாமல் போகுமோ?”

“பூ விக்கிறவங்க பூவ மட்டும் வித்தா போதும்க்கா” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாக்கில் சனி என்று என் அம்மா சும்மாவா சொல்வார்? மெட்ரோ பாலத்துக்கு அடியில் போனதும் நின்று அழுதேன். ரயில் தலைக்குமேல் கடகடவென்று போனதால் யாருக்கும் கேட்டிருக்காது.

அதுவரை என்னிடம் பேசியவர்கள் எல்லோரும் மரியாதையானவர்கள். ‘உங்கள் முடிவு, மதாம்’ என்பார்கள். கொண்டு வா, நான் பார்க்கிறேன் என்று சட்டமாகச் சொன்ன ஒரே ஆள் அந்த அக்காதான். அது என்னைப் போட்டு ஆட்டிவிட்டது. படிக்க உட்கார்ந்தாலும் அதுதான், துணி துவைத்தாலும் அதுதான். கடைசியில் சமூக சேவகியைக் கூப்பிட்டு, குழந்தையைப் பார்க்கவேண்டும் என்றேன். போவதற்கு முன்னால் சென் தெனி சந்தையில் ஒரு மஞ்சள் குல்லாய் வாங்கினேன். பார்க்க மட்டும் போகிறவள் குல்லாய் எதற்கு வாங்குகிறாள்? கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன்.

கார் து நோர் நிலையத்தில் ரயில் ஏறி, புறநகரில் இருந்த அந்தக் குழந்தைகள் காப்பகத்துக்குப் போனேன். மடியில் கொடுத்தார்கள். அப்போதுதான் பால் குடித்திருந்தாள். என் சட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பி முட்டினாள், கிடைக்காததால் ஒரு கொட்டாவி விட்டாள். பஞ்சும் துணியும் வைத்துக் கட்டியிருந்தும் எனக்குப் பால் சுரந்தது. அப்படி ஒரு பிரியம் எனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. அதோடு சேர்ந்து பயமும் வந்தது.

அக்கா வளர்ப்பார், அதில் சந்தேகமே இல்லை. அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் தொட்டில் கட்டுவார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரும், இது யார் பிள்ளை என்பார்கள். அக்கா ஒரு கதை சொல்வார், அடுத்த கடையில் வேறு கதை சொல்வார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட்டோடு வந்துபோகிற ஒருத்தியாக இருப்பேன். என்னோடு என் அறையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றும் யோசித்தேன். முடிந்திருக்கும். முடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு வளர்ப்பேன், அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது. என்னை என் பெற்றோர் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்றார்கள். வேண்டிப் பெற்ற பிள்ளையாக வளர்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இவளையும் எங்கேயோ இரண்டு பேர் அப்படி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

குல்லாயைப் போட்டுவிட்டேன், காதுவரை இறங்கியது. “உன்னப் பிடிக்காம இல்லடி” என்று அவளிடம் சொன்னேன். அங்கிருந்த பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

பால் தானாகவே நின்றது. இரண்டு மாதக் கெடு முடிந்த அன்று ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையை உடைத்தேன். தொலைபேசியைக் கைப்பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை.

அந்த வார வெள்ளிக்கிழமை அக்கா கடைக்குப் போனேன். கறிவேப்பிலை வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னைக் கண்டதும் அவர் பார்வை என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. தள்ளுவண்டியைத் தேடியிருப்பார்.

“கொண்டு வரேல்லையோ?”

“இல்லக்கா. முடிஞ்சிருச்சு.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். திருப்பிக் கொடுக்கப் பதிலும் தயாராக இருந்தது. அவர் கறிவேப்பிலையைப் பையில் போட்டார். பிறகு பூப்பெட்டியைத் திறந்து ஒரு முழம் வெட்டினார். என் தோளைப் பிடித்துத் திருப்பி, தன் தலையிலிருந்து ஒரு கிளிப்பை உருவி, சரத்தை என் பின்னலில் குத்தினார்.

“இது தலைக்கு. பிள்ளை உயிரோடை இருக்கிற தாய் நீ. வெள்ளிக்கிழமையில வெறுந்தலையோடை திரியாதை.”

கடையில் நாலு பேர் நின்றார்கள். எனக்கு வெட்கமெல்லாம் வரவில்லை, அங்கேயே நின்று அழுதேன்.

அதன் பிறகு படிப்பை முடித்தேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கணவரிடம் முன்பே எல்லாவற்றையும் சொல்லித்தான் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர், ஆனால் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார். என் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. திரான்சி புறநகரில் இருக்கிறோம், ஒரு மகன் இருக்கிறான். எங்கள் வீட்டுப் பக்கத்திலேயே எல்லாம் கிடைக்கிறது. இருந்தாலும் கறிவேப்பிலைக்கு நான் லாச்சப்பலுக்குத்தான் வருகிறேன்.

அக்காவுக்கு இப்போது முட்டிவலி, கல்லாவில் உட்கார்ந்தபடியே வியாபாரம். வசந்த காலம் வந்தால் ஒரு தடவை, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பார். உலகத்தில் அதை என்னிடம் கேட்பவர் அவர் ஒருவர்தான். போன வருடமும் கேட்டார்.

“அவளுக்கு இப்ப எத்தினை வயசு?”

“பதினஞ்சுக்கா.”

“பதினைஞ்சோ! நல்ல உயரமா வந்திருப்பாள் என்ன? நீயும் உயரம்தானே.”

“ஓம்” என்றேன், அவர் தமிழிலேயே.

எனக்கு ஒரு முழம் வெட்டித் தந்தார். பிறகு இன்னொரு முழம் வெட்டி, தனிப் பையில் போட்டு முடிந்தார். “இது அவளுக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். என் மகன் பாலை எடுக்கப் போனவன் பார்த்துவிட்டு, இது யாருக்கு என்று பிரெஞ்சில் கேட்டான்.

“உன் அக்காவுக்கு” என்றேன்.