ஐந்து புள்ளி நான்கு

1987இல் ஐயாசாமி வாங்கியது புது டாக்ஸி. ஊருக்குக் காட்டியதோ அதன் விளம்பரத் தாளை. நூறு கிலோமீட்டருக்கு ஐந்து புள்ளி நான்கு லிட்டர் பெட்ரோல்! அவருடைய ஊரான பிளேன் மாக்னியனில் இந்த எண்ணைக் கேட்காமல் யாரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. வழியில் பெட்ரோலுக்கு நிற்கவே மாட்டேன் என்று சொல்லி, தீவின் மறுகோடியில் உள்ள கிராண்ட் பே ஓட்டல் ஒன்றின் விமான நிலையச் சவாரியையும் பிடித்துவிட்டார். மேலாளர் ஃபிலிப் ஒரே நிபந்தனை வைத்தார்: ஒரு பயணி விமானத்தைத் தவறவிட்டாலும் வேலை போய்விடும்.

கோயிலில் கார் பூஜை. குருக்கள் குருமூர்த்தி தமிழ்நாட்டிலிருந்து வந்து ஆறு மாதம்தான்.

"என்ன மைலேஜ் குடுக்கும்?"

"ஐந்து புள்ளி நாலு. பொங் நிமெரோ, நல்ல நம்பர், சாமி!"

குருக்களின் ஊரில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்பார்கள். லாரிகூட இதைவிடத் தேவலையே என்று அவருக்குப் பரிதாபம். கற்பூரத்தை உயர்த்தினார்.

"முருகா, இந்த எண் ரெட்டிப்பாகணும்!"

தலைமுறைகளுக்கு முன் தீவுக்கு வந்து, தமிழ் அரைகுறையாகிவிட்ட கூட்டம் மனமார "அரோகரா" போட்டது. ஐயாசாமியின் குரல்தான் எல்லாரையும்விடப் பெரிது.

முருகன் கைவிடவில்லை. போர்ட் லூயிஸ் நெரிசல், கியூர்பிப் மேடு, விடாத ஏ.சி., வெள்ளைக்காரர்களின் பெட்டிகள் எல்லாம் சேர்ந்து கார் பத்து புள்ளி எட்டு குடித்தது. அச்சடித்த தாள் பொய் சொல்லுமா? பெட்ரோல் முள்தான் பழுது என்று முடிவு கட்டி, ஐயாசாமி தாள் சொன்ன அளவுக்கே பெட்ரோல் போட்டார். மூன்றாவது வாரம் கரும்புக்காட்டு நடுவே கார் நின்றது. உள்ளே இருந்த ஜெர்மன் தம்பதி ஏறவேண்டிய விமானம் அவர்கள் தலைக்கு மேலே போயிற்று.

ஃபிலிப் கத்தக்கூட இல்லை. "தாளை நீயே வச்சுக்கோ, ஐயாசாமி. சவாரி இனி ஆல்பெருக்கு," என்றார். இன்னொரு டாக்ஸிக்காரரான ஆல்பெரிடம் இருந்தது ஓட்டை டீசல் கார்.

பூஜை பலிக்கவில்லை என்று ஐயாசாமி கோயிலுக்கு ஓடிச் சண்டைபோட்டார். குருக்கள் விளக்கிய பிறகுதான் வேண்டுதலின் அர்த்தம் அவருக்குத் தெரிந்தது.

"எண்ணைக் குறைங்கோ, சாமி!"

"குறையணும்னு வேண்டிக்க எனக்கு மந்திரம் தெரியாதுப்பா."

கடைசியில் மனைவி அலமேலு தாளை வாங்கினாள். துணி ஆலையில் சட்டைகளுக்குச் சலவைக் குறிப்புச் சீட்டுத் தைக்கிறவள். பொடி எழுத்து அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. தாளின் அடியில் இருந்ததைப் படித்தாள்: சமதரை. சீரான வேகம். ஏ.சி. கிடையாது. காரில் ஓட்டுநர் மட்டும்.

மறுநாளிலிருந்து ஐயாசாமி சவாரி தேடிக் கடற்கரைச் சாலையில் அலைந்தார். சமதரை; ஏ.சி. கேட்க ஆளில்லை. அந்த வாரம் பெட்ரோலை அளந்து பார்த்தார். அச்சு அசலாக ஐந்து புள்ளி நான்கு. பெருமையாகப் பின்னால் திரும்பினார், சொல்லிக்கொள்ளப் பின்சீட்டில் யாரும் இல்லை.