வெறும் சில்லும் துள்ளியது

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் பூதக்கண்ணாடி அக்கா. கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் பதினொரு வருடம் நெற்றியில் மாட்டியிருந்த கண்ணாடியோடுதான் இங்கேயும் வந்தார். தலைமுடியைவிட மெல்லிய கம்பியைக் கை நடுங்காமல் மின்னணுச் சில்லில் ஒட்டுவார். அதற்காகவே வேலை கொடுத்தார்கள்.

சில்லின் நடுவே கிராஃபீன் டிரான்சிஸ்டர், ஓர் அணு தடிமனே உள்ள கரி ஏடு. அதன்மேல் ஒட்டியிருப்பது லேசாக உருமாறினாலும் அதில் ஓடும் மின்சாரம் மாறிவிடும். ஆய்வுக்கூடத்தை நடத்திய ஆய்வாளர் அதில் வெளிச்சத்தை உணரும் விழித்திரைப் புரதத்தைப் பரப்பியிருந்தார். வெளிச்சம் பட்டதும் புரதம் உருமாறும், சில்லு காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. சோதனைக்கு முன்பே புரதம் மாறிவிடாதபடி வேலையெல்லாம் மங்கிய சிவப்பு விளக்கில்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, பச்சை விளக்கைப் போட்டதும் திரையில் மின்சாரத்தைக் காட்டும் கோடு துள்ளி எழுந்தது. மூன்று வருட உழைப்பு! ஆய்வாளர் தலைகால் புரியாமல் அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள், புரதம் பூசாத வெறும் சில்லை மாட்டி விளக்கைப் போட்டார். அதே துள்ளல். அப்படியானால் துள்ள வைத்தது புரதம் இல்லை.

ஆய்வாளரிடம் சொல்வதை இரண்டு நாள் தள்ளிப்போட்டார். கணவர்தான் கேட்டார்.

"என்ன, சாப்பாடே இறங்கலையா?"

"அந்த மனுஷன் சந்தோஷத்துல மண்ணள்ளிப் போடணுங்க. எப்படிச் சொல்றது?"

"நீ சொல்லலைன்னா வேற யாராவது ஊர் சிரிக்கச் சொல்லுவாங்க."

அக்கா போய் ஆய்வாளரிடம் சொன்னார். ஆய்வாளர் முகம் கறுத்தது.

"கம்பி ஒட்டுறதுதான் உங்க வேலை."

கதவைச் சாத்திக்கொண்டு போனவர் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "எங்க, இன்னொரு தடவை காட்டுங்க."

மறுபடியும் துள்ளல். விளக்கை அங்கும் இங்கும் நகர்த்திப் பார்த்தார்கள். ஏட்டின் ஓரத்து உலோகப் பட்டையில் வெளிச்சம் விழும்போதுதான் கோடு எழுந்தது. அக்கா இரண்டு வகைச் சில்லிலும் ஊசிமுனையால் பட்டையின்மேல் கறுப்புப் பிசின் தடவினார். வெறும் சில்லு அடங்கியது. புரதம் பூசிய சில்லில் கோடு மெதுவாக, பழைய உயரத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறி நின்றது.

"இத்தனூண்டுதானா?"

"இத்தனூண்டா இருந்தாலும் இது புரதத்தோடது சார்."

புரதம் பூசிய இன்னும் பதினான்கு சில்லுகளில் பார்த்தார்கள்; எல்லாவற்றிலும் அதே ஏற்றம். கட்டுரை எட்டு மாதம் தள்ளிப்போனது. அக்கா பெயரோடு வெளிவந்தது.

"அன்னைக்குப் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார் ஆய்வாளர்.

"வச்சுக்கிட்டேன் சார். போறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்."

அவர் சிரித்துவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் முதல் சில்லில் எதையும் பூசாமல் அவரே அக்காவிடம் எடுத்துக் கொடுத்தார்.