டப்பாவுக்குள் விழுந்த மூடி

மூன்று வாரமாக ஒரு விஷயத்தை இங்கே எழுதாமல் வைத்திருந்தேன். மூடி பொருந்தட்டும் என்று காத்திருந்தேன். போன செவ்வாய்க்கிழமை பொருந்திவிட்டது. இனி எழுதலாம்.

என் பிரவுசிங் சென்டரை உங்களுக்குத் தெரியும். நாலு பழைய கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஓடுவது இலவச சிஸ்டம். அதில் புரோகிராம்கள் ரெடிமேடாக வராது. அவற்றின் மூல வரிகளை (சோர்ஸ் கோட்) இறக்கி, நம் மெஷினிலேயே கட்டிக்கொள்ள வேண்டும்.

டெய்லரிடம் சட்டை தைப்பது மாதிரிதான். பாக்கெட் ஒன்றா, இரண்டா? முழுக்கையா, அரைக்கையா? புரோகிராம் கட்டும்போதும் அப்படிச் சில கேள்விகள் உண்டு. ஆப்ஷன் என்பார்கள். பதிலை ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டால்? டெய்லர் தன் ஊர் வழக்கப்படி தைத்துவிடுவார்.

நான் எட்டாவதோடு நின்றவன். மூளையை நம்ப மாட்டேன். ஒவ்வொரு ஆப்ஷனையும் நாற்பது பக்க நோட்டில் எழுதி, நேரே ஒரு வார்த்தை போடுவேன். வேண்டுமென்றால் ‘போடு’. வேண்டாமென்றால் ‘எடு’. புரியாவிட்டால், இருப்பது இருக்கட்டும் என்று ‘விடு’.

அதில் ஒன்று, காகித அளவு. சிஸ்டத்தோடு வந்த கையேட்டில் விளக்கம் என்ன தெரியுமா? ‘காகிதத்தின் அளவு.’ அவ்வளவுதான்! பிரிண்டரில் தாள் இருக்கிறது, அளவு அதற்குத் தெரியாதா என்று நினைத்தேன். ‘விடு’ என்று எழுதினேன்.

எங்கள் ஊரில் ராஜவேலு செராமிக் யூனிட் வைத்திருக்கிறார். ஊறுகாய் டப்பா செய்யும் வெளியூர் கம்பெனி ஒன்று, பீங்கான் மூடி வேண்டும் என்று அவருக்கு மெயிலில் படம் அனுப்பியது. மூடியின் வட்டம், கீழே ‘அசல் அளவு’ என்று ஒரு வரி. வழக்கமாக அவருக்குத் தாளே தபாலில் வந்துவிடும்; இந்த முறை நான்தான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த யூனிட்டில் அச்சு எடுப்பவர் அஞ்சலை. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். ஸ்கேல் தொட மாட்டார். தாள்தான் அளவு. தாள் மேலேயே காம்பஸை வைத்து அளவெடுத்து, சூளையில் மண் சுருங்குமே, அதற்கும் சேர்த்துப் பெரிதாக அச்சு எடுப்பார். எட்டு வருஷமாக அப்படித்தான். ஒன்றும் தப்பியதில்லை.

மாதிரி மூடிகள் கம்பெனிக்குப் போயின. போன வேகத்தில் திரும்பி வந்தன. கூடவே ஒரு காலி டப்பா.

“மன்னிப்பு கேட்டு மெயிலு அடிக்கணும், வாங்க” என்று ராஜவேலு கூப்பிட்டார். போனேன். அவர் கத்திக்கொண்டிருந்தார்.

“மண்ணு எவ்ளோ சுருங்கும்னு இன்னும் உனக்கு நான் சொல்லித் தரணுமா அஞ்சல?”

“மண்ணு சரியாத்தான் சுருங்கியிருக்குது மொதலாளி. தாளு மேல வச்சுப் பாருங்க.”

“தாளு கெடக்குது. டப்பா மேல வச்சுப் பாப்பமா?”

வைத்தார். மூடி டொக்கென்று உள்ளே விழுந்தது.

“இது மூடியா? டப்பாவுக்கு அடித்தட்டு! நாளையிலேருந்து நீ பேக்கிங் பக்கம் போயிடு. அச்சு மேசைக்கு வேற ஆளு பாத்துக்கறேன்.”

அஞ்சலை மூடியை எடுத்துத் தாள் மேல் வைத்தார். வட்டத்தில் முடி அளவுகூட விலகல் இல்லை. பிறகு டப்பாவைக் கவிழ்த்து அதே வட்டத்தில் வைத்தார். டப்பாவின் வாய் வெளியே நின்றது.

“இப்பச் சொல்லுங்க. மூடி பொய் சொல்லுதா, தாளு பொய் சொல்லுதா?”

ராஜவேலு தாடையைச் சொறிந்தார். “கம்பெனிக்காரன் தப்பா வரைஞ்சுட்டானோ?”

தாளை நான் வாங்கிப் பார்த்தேன். கீழ் மூலையில் ஒரு சின்னக் கோடு. பக்கத்தில் ‘100 மி.மீ.’ என்று இருந்தது. ஒரு ஸ்டீல் ஸ்கேல் கேட்டு வாங்கிக் கோட்டின் மேல் வைத்தேன்.

தொண்ணூற்று நாலு.

நோட்டில் நான் எழுதிய ‘விடு’ கண் முன்னால் வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி கம்பெனி மேல் போயிருக்கும். அஞ்சலையும் தப்பித்திருப்பார். நானும்தான். ஆனால் அடுத்த தாளும் தொண்ணூற்று நாலாகத்தானே வரும்?

“கம்பெனி சரியாத்தான் வரைஞ்சிருக்குது. தப்பு என் பிரிண்ட்டு” என்றேன்.

“பிரிண்ட்டு எப்பிடிங்க சுருங்கும்? அது என்ன மண்ணா?”

அஞ்சலை முந்திக்கொண்டார். “அண்ணன் தாளையும் சூளையில வேக வச்சிருப்பாரு மொதலாளி.”

விளக்கினேன். புரோகிராமை எழுதியவர்கள் ஊரில் தாள் வேறு. லெட்டர் என்று பெயர். நம் ஏ-ஃபோரை விட உயரம் குறைவு. நான் ஆப்ஷனை மாற்றாததால், நம் படத்தை அது அந்தத் தாளுக்குள் அடக்கிக் கொடுத்திருக்கிறது. கேட்காமலே!

மறுநாள் ஃபைலைத் திறந்து ஏ-ஃபோர் என்று எழுதினேன். புரோகிராமை மறுபடி கட்டினேன். நடுவில் இரண்டு முறை கரண்ட் போனது. சாயங்காலம் பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்தேன். நூறு.

ராஜவேலு அஞ்சலையிடம் மன்னிப்பு கேட்கவில்லை. புதுத் தாளை அவர் கையில்தான் கொடுத்தார். பேக்கிங் பேச்சை எடுக்கவே இல்லை. அது போதும் என்று அஞ்சலை சொன்னார். எனக்குப் போதவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் அஞ்சலைதான்.

சிஸ்டத்தைப் பராமரிப்பவர்களுக்கு, தெரிந்த இங்கிலீஷில் மெயில் போட்டேன். ‘காகித அளவு என்றால் காகிதத்தின் அளவு என்று எனக்கே தெரியும். மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். இங்கே மூடி உள்ளே விழுந்துவிட்டது.’

‘எந்த மூடி?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். சொன்னேன். இரண்டு நாளில் கையேட்டில் ஒரு வரி சேர்ந்தது: ஏ-ஃபோர் புழங்கும் ஊரில் இதை மாற்றாவிட்டால் படம் சுருங்கி அச்சாகும்.

விளக்கம் என்றால் அதுதான். பொருளின் பெயரைத் திருப்பிச் சொல்வதற்கு எதற்குக் கையேடு?

அஞ்சலை இப்போது பிரிண்ட் வாங்க ஸ்கேலோடுதான் வருகிறார். என் கண் எதிரேயே கோட்டை அளக்கிறார். அளக்கட்டும்.

என் நோட்டிலும் ‘விடு’வை அடித்துவிட்டேன். பக்கத்தில் எழுதியிருப்பது இதுதான் — ‘விட்டால் மூடி விழும்.’