ஆமைக்கு ஒரு சந்து

நேற்றைய மழையில் எங்கள் வேளச்சேரி அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஓர் ஆமை முட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் மிச்சமிருக்கும் ஏரிக்குத்தான் அது போக வேண்டும். தூக்கினேன், ஓட்டிலிருந்து எழுந்த சேற்று வாடை என்னை எழுபதுகளில் நான் வளர்ந்த கிராமமான எலப்புள்ளிக்கு இழுத்துப் போட்டது.

அங்கே எங்கள் கிளுவை வேலியின் அடியில், குளத்து ஆமைகள் வயலுக்கு ஏறிவர ஒரு முழத்துக்குச் சந்து விடுவது வழக்கம். புதுமழை விழுந்த மாலைகளில் தவளைகள் கத்தக் கத்த, ஈர இலைகளை உரசிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அவை நுழையும் சரசரப்பைச் சோறு தின்றபடியே கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு குளத்துக்கும் வேலிக்கும் நடுவே புதிதாக வந்த ஆலையின் சுவர் எழும்பத் தொடங்கியது. அம்மா சேலையைச் செருகிக்கொண்டு அஸ்திவாரக் குழிக்குள் இறங்கி நின்றாள்.

"ஏனுங்க மேஸ்திரி, ஆமை எப்படிப் போகும்?"

"ஆமைக்குக் கதவு வெக்கோணுமுங்களா, அம்மிணி?"

"சந்து வுடுங்க, போதும். கதவை உங்க மொதலாளிக்கு வெச்சுக்குங்க."

சந்து விடும்வரை அவள் ஏறவில்லை. பின்னாளில் குளத்தையே மூடினார்கள், வயலும் போயிற்று. ஆமை போன வழியை மட்டும் எனக்குள் யாராலும் மூட முடியவில்லை.

ஆமையை இரவு வாளியில் வைத்திருந்து, இன்று காலை கொத்தனாரை அழைத்துவந்து, சுவரின் அடியில் நாலு செங்கல்லைப் பெயர்க்கச் சொன்னேன். சங்கச் செயலாளர் மாடியிலிருந்து ஓடிவந்தார்.

"மேடம், பாம்பு வந்துடும்!"

"வரட்டுமுங்க," என்றேன், ஆமையைக் கையில் பிடித்தபடி. "போறதுக்கும் அதே வழிதானுங்க."