போட்டோ வேண்டாம் என்று சொன்னவர்

ஜெபத்துக்குப் பதில் வாசலில் வந்து நின்றபோது, அதைத் திருப்பி அனுப்பப் பார்த்தவள் நான். சபையாரே, நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் பெயர் ஜெபா. சிறுவயதிலிருந்தே பிள்ளைகள் இல்லம் ஒன்றில் வளர்ந்தேன். பதினெட்டு வயதானால் அங்கிருந்து வெளியேற வேண்டும். போக்கிடம் இல்லாமல் நின்ற என்னை, இல்லத்தில் தையல் சொல்லித்தந்த செல்வி அத்தை நெய்யூர் பக்கத்திலுள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவருடைய கணவர் ராஜன் மாமா ஆட்டோ ஓட்டுகிறார். அவர்கள்தான் 2011இல் என்னை நாகர்கோவிலில் கணினி அறிவியல் படிப்பில் சேர்த்தார்கள்.

2013இல் கடைசி வருடம். புராஜெக்ட் செய்ய வேண்டும். எல்லோரிடமும் லேப்டாப் இருந்தது. அரசு தந்த இலவச லேப்டாப் எங்கள் சுயநிதிக் கல்லூரிக்கு வரவில்லை. சாயங்காலம் லேபைப் பூட்டிவிட்டால் என் வேலையும் நின்றுவிடும். "இப்படியே போனால் நீ முடிக்கமாட்டாய்" என்றார் பேராசிரியை. அத்தையிடமும் மாமாவிடமும் இதற்கு மேல் எப்படிக் கேட்பது? படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போக முடிவுசெய்து, வீட்டிலும் சொல்லிவிட்டேன். துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, உம்மை விட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை, மாமா சவாரிக்குப் போயிருந்த நேரத்தில், ஒருவர் வந்தார். கையில் லேப்டாப் பை.

"கம்ப்யூட்டர் படிக்கிய பிள்ளை இஞ்சதானே? நான் ஜெரோம். தேங்காய்ப்பட்டணம். கல்ஃப்ல இருந்து லீவுல வந்திருக்கேன். இது உனக்குத்தான் மக்கா."

எனக்குக் கொடுப்பவர்களைத் தெரியும். இல்லத்துக்கு வருவார்கள். கேக் வெட்டுவார்கள். நாங்கள் சிரிக்க வேண்டும், அவர்கள் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நேராக நின்றேன்.

"போட்டோ வேண்டாம்" என்றார் அவர். "நான் வந்ததை ஆருகிட்டயும் சொல்லவும் வேண்டாம்."

காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

எனக்குச் சந்தேகம் வந்தது. போட்டோ எடுக்காமல் கொடுக்கிறவர் எதையோ மறைக்கிறார். என் படிப்பை, வீட்டை அவருக்கு யார் சொன்னது?

"சும்மா ஒருத்தன் இவ்வளவு பெரிய சாமானத்தைத் தருவானா? வயசுப்பிள்ளை இருக்கிய வீடு" என்றார் அத்தை. திருட்டுப் பொருளாக இருக்குமோ என்று மாமா அதை மார்த்தாண்டத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினார். புத்தம்புதியது, ஒரு குறையும் இல்லை என்றார்கள். அதைக் கேட்டு இன்னும் பயந்தேன். கேமரா வழியாகப் பெண்பிள்ளைகளைப் பார்ப்பார்களாமே என்று அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். பிறகு பையோடு அலமாரியின் மேலே ஏற்றிவைத்துவிட்டேன்.

ஒருநாள் மாமாவின் போனுக்கு அவர் அழைத்தார். "பிள்ளைக்க மெஷின் நல்லா ஓடுதா?" அந்த நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது? மாமாவுக்கே புரியவில்லை.

அன்று மூவரும் முழங்காலில் நின்றோம். "இது உம்முடைய கையா, கண்ணியா? தெரியாமல் தொடமாட்டேன்" என்று வெளிப்படையாகக் கேட்டேன். எழுந்ததும் அத்தை சொன்னார்: "வா, மொகத்தைப் பார்த்துக் கேப்போம்."

லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் தேங்காய்ப்பட்டணம் போய், கல்ஃபிலிருந்து வந்த ஜெரோம் என்று விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தோம். அவர் வீட்டு முன்னறையில் ஒரு வயதான அம்மா காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். மாமா அவரை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்த அம்மா ஆஸ்பத்திரியில இருந்து எனக்க வண்டியில வந்து ரோட்டு முக்குல எறங்கினவங்கல்லா?"

ஜெரோம் எங்களைப் பார்த்ததும் வெளிறிப்போனார். அங்கே எதுவும் பேச வேண்டாம் என்று கைகாட்டித் துறைமுகப் பக்கம் கூட்டிப்போனார்.

"ஒளிச்சு மறைச்சுத் தாற சாமானம் எங்களுக்கு வேண்டாம்" என்றார் அத்தை. "இந்தப் பிள்ளைகிட்ட உங்களுக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம், அக்கா. மாமியாரைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு, வழி முழுக்க அண்ணன் இந்தப் பிள்ளையப் பத்தித்தான் பேசினாரு. லேப்டாப் இல்லாம படிப்பை விட்டுருவாளோன்னு பயந்தாரு. ஆட்டோ பின்னால ஸ்டாண்டு பேரு இருந்துச்சு. அங்க கேட்டு அண்ணனுக்க போன் நம்பரை வாங்கி, வீட்டுக்கும் வந்தேன்."

பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் இல்லத்துல வளந்தவன்தான். மாமியார் வீட்டுல ஆருக்கும் தெரியாது. சின்னதுல எனக்கு ஒரு சைக்கிள் தந்தாவ. அதைப் பிடிச்சிட்டு நிக்கவச்சு போட்டோ எடுத்தாவ. பேப்பர்ல வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் பயலுவ அதை வெட்டி எனக்க பெஞ்சுல ஒட்டிவச்சானுவ. பிறகு அந்த சைக்கிளை நான் தொடவே இல்ல."

அந்த வலியை வெளியாள் யாரும் கற்பனை செய்து சொல்ல முடியாது. கண்ணி அல்ல என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கல்லில் உட்கார்ந்து அழுத அதே வாரத்தில்தான் அவர் மாமாவின் ஆட்டோவில் ஏறியிருக்கிறார். மாமாவின் வாயைத் திறந்தவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணா" என்றேன்.

"நீ சந்தேகப்பட்டது நல்லதுதான் மக்கா. நம்மள மாதிரிப் பிள்ளைய அப்படித்தான் இருக்கணும். போய்ப் படி."

புராஜெக்டை முடித்தேன், தேர்ச்சி பெற்றேன். இன்று திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறேன். ஜெரோம் அண்ணனின் அனுமதியோடுதான், அவர் உண்மைப் பெயரைச் சொல்லாமல், இதைச் சொல்கிறேன்.

கொடுக்கிற கையைக் கண்டாலே சுருங்கும் பிள்ளைகள் இங்கே இருப்பீர்கள். சந்தேகம் போன பிறகுதான் ஜெபிக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். சந்தேகத்தையே அவரிடம் சொல்லுங்கள். எழுந்து போய் விசாரியுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். நான் நம்பாமல்தான் கேட்டேன். அப்படியும் எனக்குப் பதில் சொன்னார். உங்களுக்கும் சொல்வார்.